தரைக்கு இறங்கிய தூளி

அந்தப் புடவையை அப்பா வாங்கி வந்தது 1976 தீபாவளிக்கு, கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடியில். நீல உடம்பு, மஞ்சள் கரை, கெட்டிப் பருத்தி. கஞ்சி போட்டால் உடம்பில் ஒட்டாமல் மொடமொடவென்று நிற்கிறது என்று அம்மா நான்கு வருஷம் குறைபட்டுக்கொண்டே கட்டினாள். துவைத்துத் துவைத்து அது பதமாகி வந்த நேரத்தில், 1980இல், தம்பி பிறந்தான். அன்று முதல் அதற்குப் பெயர் தூளி. செங்கல்பட்டில் எங்கள் தெருவில் ஏணை என்றும் சொல்வார்கள்.

எங்களுடையது ஓட்டு வீடு. உத்திரத்தில் தேங்காய்நார்க் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி இறக்கி, புடவையை இரண்டாக மடித்துக் கோர்த்து, பாட்டிதான் முடிச்சுப் போட்டாள். துணி குழந்தையின் முகத்தின் மேல் கவியாமல் இருக்க மேலே குறுக்கே ஒரு கட்டை. தரைக்கும் துணிக்கும் நடுவே ஒரு சாண்தான் இடைவெளி. கீழே மடித்த ஜமுக்காளம். பிள்ளையைக் கிடத்துவதற்கு முன்னால் அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து மூன்று ஆட்டு ஆட்டினார்கள். சம்பிரதாயம் என்றுதான் சொன்னார்கள். கயிறு தாங்குமா என்று பார்க்க அதைவிட நல்ல வழி எனக்கு இன்றுவரை தெரியாது.

வெறும் தூளியை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்று எங்களை விரட்டுவார்கள். தூளிப் பக்கம் வாண்டுகள் விளையாடப் போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. தொங்கும் துணியில் பெரிய பிள்ளைகள் முறுக்கி விளையாடிக் கழுத்து இறுகிப்போன கதைகள் நம் ஊர் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பாட்டி எந்த இதழும் படித்தவள் இல்லை.

இந்தத் தூளியில் நான் மறக்காதது கயிற்றைத்தான். ஆட்டுவதற்கென்று பக்கவாட்டில் கட்டிய கயிறு. ராத்திரி அம்மா பாயில் படுத்துக்கொண்டு அதன் மறுமுனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வாள். தம்பி சிணுங்கினால் கால் அசையும், கண் திறக்காது. எட்டு வயதில் எனக்கு அது வித்தையாகத் தெரிந்தது. விடியற்காலையில் பார்த்தால் விரலைச் சுற்றிச் சிவப்பாகத் தழும்பு இருக்கும். அந்தக் கயிற்றில் கட்டுப்பட்டுக் கிடந்தது யார் என்று புரிய எனக்கே ஒரு பிள்ளை பிறக்க வேண்டியிருந்தது.

1996இல் மகள் பிறந்தபோது நாங்கள் தளம் போட்ட வீட்டுக்கு வந்துவிட்டோம். உத்திரம் இல்லை, கூரையில் கொத்தனார் விட்டுவைத்த இரும்புக் கொக்கி. பெட்டியிலிருந்து நீலப் புடவை மறுபடி வெளியே வந்தது. கடையில் அப்போது ஸ்பிரிங் வாங்கிப் பொருத்துவது பெருமை. தூளி முன்னும் பின்னும் போகாமல் மேலும் கீழும் குதித்தது. "இது ஆட்டுறதா, குலுக்குறதா?" என்று அம்மா இரண்டே நாளில் கழற்ற வைத்தாள். கைக்குழந்தையின் தலையைப் பலமாகக் குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு வரலாம் என்று டாக்டர்கள் சொல்வதை நான் பிறகுதான் படித்தேன். ஒருநாள் நீலப் புடவை துவைக்கப் போயிருந்தது. நான் ஒரு பாலியஸ்டர் புடவையைக் கட்டினேன். பத்தாவது ஆட்டில் முடிச்சு வழுக்கிக்கொண்டது. ஒரு சாண் உயரமும் ஜமுக்காளமும் அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தமாயின. அம்மா திட்டவில்லை. "வழவழப்புத் துணியில ஏணை கட்டுவாங்களாடி?" என்று மட்டும் கேட்டாள்.

போன வருஷம் அந்த மகளுக்குப் பிள்ளை பிறந்தது. மாமல்லபுரத்தில், ஐந்து ரதத்துக்குப் போகும் சாலைப் பக்கம் வீடு; மருமகன் சிற்பக்கூடம் வைத்திருக்கிறார். நான் மஞ்சப்பையில் புடவையை மடித்து வைத்துக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறிப் போய் இறங்கினேன். அவள் விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நடுவில் இழை விட்டிருந்தது, அந்தப் பக்கம் நிற்பவர்கள் தெரிந்தார்கள். "தூளி வேண்டாம்மா" என்றாள்.

துணி நைந்தது மட்டும் காரணம் இல்லை. தூளியில் குழந்தை வில்லாக வளைந்து கிடக்கிறது. கழுத்து நிற்காத பிஞ்சுக்கு முகவாய் மார்பில் இடித்தால் மூச்சுக்குழல் மடங்கிப்போகும். கெட்டியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் பத்திரம். அமெரிக்காவில் 1994இல் குழந்தைகளை மல்லாக்கக் கிடத்தச் சொல்லி இயக்கம் நடத்தியபின் தூக்கத்திலேயே நிகழும் திடீர் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. பத்து டிகிரிக்கு மேல் சாய்வான குழந்தைப் படுக்கைகளை 2022இல் அங்கே சட்டம் போட்டே தடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் அவள் வரிசையாகச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. நான் வளர்த்தவள்தானே, தூளியில்தானே வளர்ந்தாள்?

கோபத்தோடு எங்கே போவது? பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் தலசயனப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். பெரியாழ்வாரின் தாலாட்டில் கண்ணனுக்குப் பிரமன் பொன்னும் மணியும் இழைத்த தொட்டில் அனுப்புகிறான். அதே பெருமாள் கடல்மல்லை என்கிற இந்த மாமல்லபுரத்தில் பாம்பணைகூட இல்லாமல் வெறுந்தரையில் படுத்திருக்கிறார். தாமரையோடு கடலை இறைக்க நின்ற புண்டரீக மகரிஷிக்காக ஓடி வந்தவர், ஆதிசேஷனை விட்டுவிட்டு அப்படியே மல்லாந்துவிட்டார் என்பது தலபுராணம். நான் என்ன குறை சொல்லிக்கொண்டு போனேனோ அதற்கு அவரே எதிர்சாட்சியாகக் கிடந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

மகளின் அவசரம் வேறு. 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம். பிரசவத்துக்கு முன்னால் சில வாரம் எடுத்தது போக, பிள்ளைக்கு ஐந்து மாதம் நிறைந்ததும் மகிந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போயாக வேண்டும். காலில் கயிறு கட்டிக்கொண்டு தூங்கியவள் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார முடியாது. முதல் ஆறு மாதம் ராத்திரியில் பாலுக்கு எழுவது குழந்தையின் தேவை, அதை மறிக்கக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். பிறந்த குழந்தைக்கு ராத்திரி பகல் தெரியாது. அந்தக் கணக்கு மூன்று மாதம் வாக்கில்தான் உடம்பில் ஏறத் தொடங்குகிறது. ஒவ்வொரு மணி நேரமும் தூக்கம் மேலே வந்து லேசாகும். ஆட்டிக்கொண்டே தூங்க வைத்த பிள்ளை அப்போதெல்லாம் ஆட்டத்தைத் தேடும். படுக்கையில் தானாகக் கண்ணயர்ந்த பிள்ளை, விழித்தாலும் தானாகத் திரும்பத் தூங்கும். விஷயம் இவ்வளவுதான்.

தரையில் கெட்டி மெத்தை. தலையணை இல்லை, போர்வை இல்லை. மேலே கொசுவலை. அது பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தது. 2015இல் அரசு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கத் தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் வந்தது; மெத்தை, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை என்று 16 பொருட்களோடு. தினம் ஒரே நேரத்தில் வெந்நீர்க் குளியல், பால், விளக்கணைப்பு, ஒரே பாட்டு. கண் சொருகும்போதே, முழுதாகத் தூங்குவதற்கு முன்னால், கிடத்திவிடுவாள். ரொம்ப அழுகிற நாளில் மட்டும் தோளில் போட்டு ஐந்து நிமிஷம் நடப்பாள். அப்புறம் உட்கார்ந்து எட்டு நிமிஷம் காத்திருந்துதான் கீழே விடுவாள். 2022இல் ஜப்பானில் குமி குரோடா என்பவரின் குழு கண்டுபிடித்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது. "ஆட்டி நிறுத்தினதும் எடுக்காதே, ஒரு வெத்தலை போடுற நேரம் விடு" என்று அம்மா சொல்லாத நாள் இல்லை.

ஆறு மாதம் முடிந்தபின், அழுதால் உடனே தூக்காமல் இரண்டு நிமிஷம், அடுத்து நான்கு நிமிஷம் என்று பொறுத்துப் போய்த் தட்டிக்கொடுக்கும் முறையைத் தொடங்கினாள். அமெரிக்க டாக்டர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் எழுதிய புத்தகத்தால் உலகமெங்கும் பரவிய முறை. அழவிட்டுக் கதவை மூடுவது என்று பலர் நினைக்கிறார்கள். இவள் வலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதல் ராத்திரி 20 நிமிஷம் அழுதான். நான் வாசற்படியில் நின்றுகொண்டு இரண்டு தடவை உள்ளே வரப் பார்த்தேன். "விடும்மா" என்றாள். நான்காம் ராத்திரி கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு தானே திரும்பிப் படுத்தான். அதற்காக எல்லாக் குழந்தைக்கும் நாலு நாள்தான் என்று நான் சொல்ல மாட்டேன். கனடாவில் 388 குழந்தைகளைப் பார்த்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்தில் நூற்றுக்கு 38 பிள்ளைகள் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கவில்லை. அவர்களின் வளர்ச்சியில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இளம் தாய்களை அழவைக்கும் பெரியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நானும் அப்படிப் பேசியவள்தான்.

ஒன்று கவனித்தேன். பகலில் சிற்பக்கூடத்தில் உளிச் சத்தம் நிற்காது. அதில் பேரன் அயர்ந்து தூங்குகிறான். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு உளியைக் கீழே வைத்தால் விழித்துக்கொள்கிறான்.

நீலப் புடவையில் நைந்த பகுதியைக் கிழித்தெடுத்தாகிவிட்டது. அது சிற்பக்கூடத்தில் கல் துடைக்கிறது. நன்றாக இருந்த முந்தானைப் பக்கத்தை மகள் மெத்தைக்கு மேல் விரித்து, சுருக்கமில்லாமல் இழுத்து அடியில் செருகியிருக்கிறாள். பேரன் இன்னமும் மூன்று மணிக்கு ஒரு தடவை எழுந்து பால் குடிக்கிறான். கூடத்துக் கொக்கியில் வாழைத்தார் தொங்குகிறது.