ஆம்ப்ளிஃபையருக்குள் ஒரு பெயர்

(இணையவழி இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அரங்கில் வழக்கமாக நாவலையும் கவிதையையும் பற்றித்தான் பேசுவார்கள். நான் ஒரு பழைய கிட்டார் ஆம்ப்ளிஃபையரைப் பற்றிப் பேசப்போகிறேன். தலைப்பைச் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர், "அதில் வரலாறு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். பின்பக்கப் பலகையைக் கழற்றினால் இருக்கிறது என்றேன்.

நான் மலேசியாவில் பிறந்தவன், கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். பிழைப்புக்கு மென்பொருள். சனி, ஞாயிறுகளில் வால்வு ஆம்ப்ளிஃபையர்களைப் பழுதுபார்ப்பேன். சென்ற ஆண்டு ஒரு நண்பர் பழைய ஃபெண்டர் டீலக்ஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பயணப்பெட்டிகளுக்கு ஒட்டுவார்களே, அதுபோன்ற மஞ்சள் துணி போர்த்திய சிறிய மரப்பெட்டி. அந்தத் துணியை வைத்தே இவற்றை 'ட்வீட்' என்கிறார்கள். விற்றவர், "உள்ளே எதுவுமே மாற்றப்படவில்லை" என்று சொல்லி, அதற்கேற்ற விலையும் வாங்கியிருந்தார். நண்பர் உடனே செருகி வாசித்துப் பார்க்கத் துடித்தார். நான் விடவில்லை. பல்லாண்டு சும்மா கிடந்த வால்வுக் கருவிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது அதைக் கொல்வதற்குச் சுலபமான வழி. சில சமயம் நம்மையும்.

முதலில் அது எதற்குப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். லியோ ஃபெண்டர் 1909இல் பிறந்தவர். கணக்கர் வேலை பார்த்தார். அது போனபின் 1938இல் கடன் வாங்கி, லாஸ் ஏஞ்சலிசுக்குத் தெற்கே ஆரஞ்சுத் தோப்புகள் சூழ்ந்த ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். இசைக்கலைஞர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளை அங்கே கொண்டுவந்தார்கள். ஏன் கெடுகின்றன, எங்கே கெடுகின்றன என்று அவர் கைப்பட அறிந்தார். 1946இல் அவர் பெயரில் கம்பெனி வந்தது. கடைசிவரை அவருக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. அது ஒரு குறையாக எனக்குத் தோன்றியதில்லை. அவர் செய்த எல்லாவற்றிலும் பழுதுபார்க்கிறவனின் மூளைதான் வேலை செய்கிறது. பாகங்களை ஒரே அட்டையில் வரிசையாக, கைக்கு எட்டும்படி வைத்தார். அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மென்பொருள்காரன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய முடிகிறதென்றால் காரணம் அதுதான்.

பெட்டிக்குள் ஒட்டியிருந்த சிறு தாளில் '5இ3' என்று அச்சிட்டிருந்தது. 1950களின் வடிவமைப்பு, அதில் ஐந்தாவது திருத்தம், மாதிரி எண் மூன்று, அதாவது டீலக்ஸ். அருகில் மைமுத்திரையாக இரண்டே எழுத்துகள்: எச், இ. 1951ஐ 'ஏ' என்று தொடங்கினால் எட்டாவது எழுத்து 1958. ஐந்தாவது எழுத்து மே மாதம். ஸ்பீக்கரில் 220 என்று தொடங்கும் எண் இருந்தது. 220 என்றால் ஜென்சன் கம்பெனி. அடுத்த இலக்கங்கள் 1958இன் பன்னிரண்டாவது வாரம் என்றன. ஒலியளவைத் திருகும் பாகத்தில் 304, அது ஸ்டாக்போல் கம்பெனி, 1957 டிசம்பர். எல்லாம் மே மாதத்துக்கு முன்பு வந்து சேர்ந்தவை. கல்வெட்டில் ஆட்சியாண்டைப் பார்ப்பதுபோலத்தான் இதுவும். ஒரு கல் பொய் சொல்லலாம். பல கற்கள் சேர்ந்து பொய் சொல்வது கடினம்.

சேசிசைக் கழற்றித் திருப்பியபோது, உள்மூலையில் பழுத்துப்போன மாஸ்கிங் டேப் துண்டு ஒன்று. அதில் பென்சிலால் ஒரு பெண்ணின் பெயர். முதல் பெயர் மட்டும். அக்காலத்து ஃபெண்டர் ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் இப்படி ஒரு பெயர் இருக்கும், பெரும்பாலும் பெண்ணின் பெயர். அந்தக் கருவிக்குள் கம்பிகளை இணைத்து ஈயம் வைத்தவர். அந்தப் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவருடைய குடும்பம் எங்கோ இருக்கும்.

ஃபெண்டர் ஆலையில் வேலை செய்த பெண்களில் கணிசமானோர் மெக்சிகோ வழிவந்த குடும்பத்தினர். அவர்களில் அபிகெயில் யபாரா மட்டும் பெயர் பெற்றார். கிட்டாரின் காந்தச் சுருள்களைச் சுற்றியவர், 1956இல் வேலைக்குச் சேர்ந்தவர். ஃபுல்லர்டன் இருப்பது ஆரஞ்சு கவுண்டியில். அங்கே பல ஊர்களில் மெக்சிகோக் குழந்தைகளைத் தனிப் பள்ளிகளில் வைத்திருந்தார்கள். பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மெண்டஸ் எதிர் வெஸ்ட்மின்ஸ்டர் என்று அதற்குப் பெயர். 1946இல் நீதிமன்றம் அது தவறு என்றது. 1947இல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது. பதினோரு ஆண்டு கழித்துத்தான் இந்தப் பெட்டிக்குள் அந்தப் பெயர் எழுதப்படுகிறது. ஃபெண்டரைப் பற்றிய நூல்களில் லியோவும் அவர் கிட்டாரை வாசித்தவர்களும் நிறையவே வருகிறார்கள். இந்தப் பெயர்களைத் தேட ஸ்க்ரூடிரைவர் வேண்டியிருக்கிறது.

அந்தச் சமயத்தில் என் அம்மா மலேசியாவிலிருந்து இரண்டு மாதம் வந்து தங்கியிருந்தார். அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். 1972இல் பினாங்கின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் வந்தன, இளம்பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. இரண்டு வருடம் கழித்து அம்மாவும் போனார். அப்போது பாலம் கிடையாது; விடியுமுன் பஸ், பட்டர்வொர்த்தில் ஃபெரி, மறுபடி பஸ். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சிப்பில் ஒட்டும் வேலை. வால்வுகளின் காலத்தை முடித்துவைத்தவை அந்தச் சிப்புகள்தான். அதாவது, நான் பழுதுபார்க்கும் பொருள்களைப் பழம்பொருளாக ஆக்கியவர்களில் என் அம்மாவும் ஒருவர். இதைச் சொன்னால் சிரிப்பார்.

அன்று தேநீர் கொண்டுவந்தவர் விளக்கடியில் குனிந்து பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பொண்ணு நல்லா செஞ்சிருக்கா. எல்லா எடத்துலயும் கம்பியச் சுத்தி, அப்புறம் ஈயம் வச்சிருக்கா." விரல் நகர்ந்து ஓர் ஓரத்தில் நின்றது. "இந்த மூணு எடம் வேற ஆளு கை. ஈயம் அதிகம். சுத்தாம ஒட்டியிருக்கு."

அவர் காட்டியது ஸ்பீக்கருக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மரின் கம்பிகள். அதன் பக்கவாட்டில் துணியால் துடைத்தேன். 606, பிறகு 3, பிறகு 31. ஷூமாக்கர் கம்பெனி, 1963, முப்பத்தொன்றாவது வாரம். ஐந்து வருடம் கழித்து யாரோ மாற்றியிருக்கிறார்கள். 'எதுவுமே மாற்றப்படவில்லை' என்பது பொய், அல்லது விற்றவருக்கே தெரியாத உண்மை. நான் அதுவரை இரண்டு முறை பார்த்தும் அதைத் தவறவிட்டிருந்தேன். நண்பரிடம் சொன்னேன். விலையில் கணிசமாக அடிபடும் விஷயம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

இனி எதை மாற்றுவது, எதை விடுவது? சேகரிப்பாளர்களோடு எனக்கு இங்கேதான் சண்டை. மின்சாரத்தை நேர்ப்படுத்தித் தேக்கும் மின்தேக்கிகள் மூன்று, ஒவ்வொன்றும் 16 மைக்ரோஃபாரட். உள்ளே ஈரப்பசை கொண்ட இவ்வகை, பதினைந்து இருபது வருடத்தில் உலரத் தொடங்கிவிடும். இவற்றுக்கு அறுபது தாண்டிவிட்டது. மாற்றியே ஆகவேண்டும். ஏறத்தாழ 350 வோல்ட் அங்கே நிற்கும், செருகியைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். அதனால் ஒரு மின்தடையை வைத்து வடித்த பிறகே கை வைக்கவேண்டும். அடுத்தது, மின்கம்பிக்கும் சேசிசுக்கும் நடுவே இரைச்சலைக் குறைக்க வைத்த ஒரு சிறு மின்தேக்கி. பழைய இரண்டு முள் செருகியோடு அது பழுதானால், கிட்டார்க் கம்பியிலேயே வீட்டு மின்சாரம் ஏறிவிடும். பழுதுபார்ப்பவர்கள் அதை 'மரண மின்தேக்கி' என்றுதான் சொல்வார்கள். அதை எடுத்துவிட்டு மூன்று முள் செருகி போட்டேன். 'அசல்தன்மை போய்விடும்' என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

மற்றவை கருணைக்குரியவை. மஞ்சள் நிற ஆஸ்ட்ரான் மின்தேக்கிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, கசிந்த இரண்டை மட்டும் மாற்றினேன். மதிப்பு கொஞ்சம் ஏறிப்போன மின்தடைகளை அப்படியே விட்டேன். 1963 டிரான்ஸ்ஃபார்மரையும் விட்டேன். அது நன்றாகவே வேலை செய்கிறது, இப்போது அதுவும் இந்தப் பெட்டியின் கதைதானே. கழற்றியவற்றைப் பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன்.

நான் ஈயம் வைக்கும்போது அம்மா டார்ச் பிடித்தார். "முதல்ல கம்பியச் சூடாக்கு, ஈயத்த இல்ல" என்று இரண்டு முறை திருத்தினார். பிறகு டேப்பைக் காட்டி என்னவென்று கேட்டார். சொன்னேன். "பேரு எழுத விட்டாங்களா?" என்றார். அவர்களுடைய ஆலையில் ஒவ்வொரு தொகுதியோடும் ஓர் அட்டை போகுமாம். அதில் எண் இருக்கும். தப்பு வந்தால் யார் என்று கண்டுபிடிக்க.

ஒரு குண்டு பல்பைத் தொடரிணைப்பில் மாட்டி முதல் மின்சாரம் கொடுத்தேன். உள்ளே எங்காவது குறுக்கிணைப்பு இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் நிற்கும். பளிச்சென்று எரிந்து, மங்கி, அடங்கியது. வால்வுகளுக்குள் இழைகள் மெல்லச் சிவந்தன. பாட்டி வீட்டு ரேடியோவில் பாட்டு வருவதற்கு முன் காத்திருந்த அதே அரை நிமிடம். நண்பர் ஒலியளவைப் பாதிக்கு மேல் திருகி ஒரு தந்தியை மீட்டினார். ஓசை ஓரங்களில் கிழிந்து, அடர்ந்து வந்தது. வடிவமைத்தவர்கள் குறையாக நினைத்த இந்தக் கிழிசலுக்காகத்தான் நீல் யங் 1959ஆம் ஆண்டு டீலக்ஸ் ஒன்றை ஐம்பது வருடத்துக்கும் மேலாக விடாமல் வாசிக்கிறார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டுவது என் வழக்கம்: எந்தப் பாகம், எப்போது, யார் கை. 1963 டிரான்ஸ்ஃபார்மரையும் அதில் எழுதினேன். விலை போனாலும் பரவாயில்லை, எழுது என்று நண்பரே சொல்லிவிட்டார். கீழே என் பெயரைப் போட்டேன். அம்மா பேனாவை வாங்கி, அதற்கடியில் தமிழில் தன் பெயரை எழுதினார். மை காயும்வரை காத்திருந்து பலகையை மூடித் திருகாணிகளை முடுக்கினேன்.