மேரி கட்டடம் எழுந்தது, மில்கள்?

2014 நவம்பர் 29 அன்று, மழையில் ஊறிக் கிடந்த புதுச்சேரி மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. 1870-71இல் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு ஆட்சி எழுப்பிய நகர மன்றம் அது. உலக வங்கி நிதியுதவியில் பழைய தோற்றத்திலேயே அதை மீண்டும் கட்டி, 2021 பிப்ரவரியில் திறந்தும் விட்டார்கள். பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் இந்த ஊரில் பாழான கட்டடங்களின் வரலாறு கடற்கரையோடு முடிவதில்லை. கடலூர் சாலைப் பக்கம் போனால், அதைவிடப் பெரிய ஆலை வளாகங்கள் புதர் மண்டிக் கிடக்கின்றன.

புதுச்சேரியின் முதல் இயந்திர நூற்பாலை 1820களின் இறுதியில் தோன்றியது. ஊர்ப்பட்டறைகளில் நெய்து, அவுரியில் தோய்த்த நீலத்துணி அப்போதே கப்பலேறி செனகலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே வேலம்பிசினுக்கு அதுவே பண்டமாற்று. இந்த வணிகத்தை நம்பித்தான் ஆலைத்தொழில் வேர்விட்டது. சவானா மில், கெப்ளே மில், 1898இல் தொடங்கிய ரோடியர் மில் என்று மூன்று பேராலைகள் எழுந்தன. ஆலைச் செல்வம் நகராட்சி வரை நீண்டது: ஆலை முதலாளி ஆன்றி கெப்ளே மேயராக மேரி கட்டடத்தில் அமர்ந்திருந்தார்.

அந்த ஆலைகளுக்கு உள்ளே நடந்ததே ஊரின் அரசியலை மாற்றியது. 1936இல் வ. சுப்பையா முதலிய தலைவர்கள் வழிகாட்ட, வேலை நேரத்தைக் குறைக்கவும் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் தொழிலாளர்கள் போராடினார்கள். சவானா மில்லில் அவர்கள் வெளியேற மறுத்து, ஆலைக்குள்ளேயே இருந்துகொண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 30 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. 12 பேர் உயிரிழந்தார்கள். அப்போது பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சி. வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று அந்த ஜூன் மாதம்தான் அங்கே சட்டம் இயற்றியிருந்தது. அதே ஆட்சியின் கொடியின் கீழ் இங்கே நடந்த இந்தக் கொலை பாரீஸ் வரை எட்டியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் வந்த ஆணை பிரெஞ்சிந்தியத் தொழிலாளர்க்கு 8 மணி நேர வேலையை உறுதி செய்தது. ஆசியாவிலேயே முதன்முதலில் இந்த உரிமையை வென்றவர்கள் தாங்களே என்பது இவ்வூர்த் தொழிற்சங்கங்களின் பெருமை. ஜூலை 30ஐத் தியாகிகள் தினமாக இன்றும் கடைப்பிடிக்கிறார்கள்.

காலப்போக்கில் சவானா சுதேசி மில்லாகவும், கெப்ளே பாரதி மில்லாகவும், ரோடியர் ஏ.எஃப்.டி.யாகவும் ஊர்வாயில் நிலைத்தன. நட்டம் பெருகப் பெருக அரசு ஏற்று நடத்தியது. பழைய எந்திரம், விசைத்தறிப் போட்டி, முதலீட்டுத் தட்டுப்பாடு என எல்லாம் சேர்ந்து அரித்தன. 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயல் ஏ.எஃப்.டி.யை மேலும் நொறுக்கியது. 2020 ஏப்ரல் 30 அன்று அது மூடப்பட்டது; சுதேசி, பாரதி ஆலைகளும் அதே ஆண்டில் அடங்கின.

ஆலை போனாலும் பெயர் போகவில்லை. ஆர்ப்பாட்டம் என்றால் இன்றும் ‘சுதேசி மில் அருகே’ என்றுதான் சுவரொட்டி சொல்கிறது. புதிய பேருந்து நிலையத்தைக் கட்டியபோது, 2024இல் ஏ.எஃப்.டி. மைதானம் தற்காலிகப் பேருந்து நிலையமானது.

பாரம்பரியம் என்றதும் மஞ்சள் சுவரும் போகன்வில்லாவும் மட்டுமே நினைவுக்கு வருவது இந்த ஊருக்கு இழைக்கப்படும் அநீதி. பிரான்சின் ரூபே நகரில், மோத்-பொசூ என்ற பழைய பஞ்சாலைக் கட்டடத்தில் 1993 முதல் தொழிலுலகத்தின் தேசிய ஆவணக்காப்பகம் இயங்குகிறது. புதுச்சேரியில் மூன்று ஆலைகளில் ஒன்றின் ஒரு கூடமாவது அப்படி ஆகலாம். கட்டடம் காத்திருக்கும் நேரத்திலும் செய்யக்கூடிய வேலை உண்டு: வருகைப் பதிவேடு, கூலிக் கணக்கு, எந்திர வரைபடம் எல்லாவற்றையும் சிதறுமுன் திரட்டலாம். 2020இல் வேலையிழந்தவர்கள் பலர் முதலியார்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும்தான் இருக்கிறார்கள். எந்தக் கூடத்தில் எந்தத் தறி ஓடியது என்பதை அவர்களே அடையாளம் காட்ட முடியும்.