மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம்!

இன்னைக்கு ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். சென்னையில இருந்து எது பக்கம், மதுரையா யாழ்ப்பாணமா?

நேர்கோட்டுல அளந்தா மதுரை விமான நிலையம் சுமார் 415 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்தோட பலாலி விமான நிலையம் சுமார் 355 தான். அதாவது வேற நாட்டுல இருக்கிற ஊர், நம்ம மாநிலத்துக்குள்ள இருக்கிற ஊரை விடப் பக்கம்.

இந்தத் தூரம் எப்பவும் மாறல. மாறினதெல்லாம் பயண நேரம்தான். அந்தக் கதையைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. போர் முடிஞ்சு, 1947 டிசம்பர் 10 அன்னைக்கு ஏர் சிலோன் நிறுவனத்தோட முதல் விமானம் கிளம்புது. கொழும்புக்குப் பக்கத்துல இரத்மலானையில ஏறி, காங்கேசன்துறையில இறங்கி, அங்கிருந்து மதராஸ். கவனிங்க, இலங்கைக்குச் சுதந்திரம் கிடைக்கிறதுக்கு முன்னாடியே இந்த வழி திறந்தாச்சு!

அப்புறம் உள்நாட்டுப் போர். இந்த விமான சேவை நின்னு போச்சு. 1990ல பலாலியைச் சுத்தி இருந்த வலிகாமம் வடக்கு மக்கள் ஆயிரக்கணக்குல இடம்பெயர்ந்தாங்க. அவங்க வீடும் தோட்டமும் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள்ள போயிடுச்சு.

இப்போ ஒரு கணக்குப் போடலாம். யாழ்ப்பாணத்துல இருக்கிற ஒருத்தர் சென்னைக்கு வரணும்னா, முதல்ல எதிர்த்திசையில கொழும்புக்குப் போகணும். தரைவழியா சுமார் 400 கிலோமீட்டர். அங்கிருந்து விமானத்துல சென்னைக்கு இன்னும் 650. மொத்தம் 1,050, நேர்வழியைப் போல மூணு மடங்கு! அதுவும் ரோடு திறந்திருந்தாத்தான். 2006 ஆகஸ்ட்ல ஏ-9 நெடுஞ்சாலை மூடினப்போ, கொழும்புக்கே கப்பல்லயோ விமானத்துலயோதான் போக முடிஞ்சுது. அதுக்கும் படையினரோட அனுமதி வேணும். ஆஸ்பத்திரிக்கோ, கல்யாணத்துக்கோ, ஒரு சாவு வீட்டுக்கோ அவசரமா வர நினைச்சவங்களுக்கு அது என்ன மாதிரி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

2009ல போர் முடிஞ்சது. ஆனாலும் விமானம் உடனே வரல, பத்து வருஷம் ஆச்சு. 2019 அக்டோபர் 17ல பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமா திறக்கப்பட்டுது. நவம்பர்ல அலையன்ஸ் ஏர் சென்னையில இருந்து வழக்கமான சேவையைத் தொடங்கிச்சு. நாலே மாசத்துல கொரோனா! 2020 மார்ச்ல மறுபடி நிறுத்தம். திரும்ப ஆரம்பிச்சது 2022 டிசம்பர் 12ல.

இப்போ புரொப்பெல்லர் வச்ச சின்ன ஏடிஆர் விமானத்துல ஏறினா, ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்னப்பின்ன இறங்கிடலாம். ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்ங்கிறதால கடிகாரத்தைக் கூட மாத்த வேண்டாம்.

கடைசியா ஒரு விஷயம். 1990ல கிளம்பினவங்கள்ல பலருக்கு நிலம் திரும்பக் கிடைச்சிருக்கு, சிலர் இன்னும் காத்திருக்காங்க. சென்னையில இருந்து பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம். ஆனா அந்த ஓடுபாதைக்குப் பக்கத்துலயே இருக்கிற தங்களோட வீட்டுக்குப் போய்ச் சேர அவங்களுக்கு முப்பது வருஷத்துக்கு மேலயும் பத்தல.