சோழகங்கத்துச் சேறு

ராஜேந்திர சோழன் ஒரு வெற்றித்தூண் எழுப்பினான். கல்லால் அல்ல... தண்ணீரால்!

1023 வாக்கில் வடக்கே போன சோழப் படை, தோற்ற மன்னர்களின் தலையில் கங்கை நீரை ஏற்றிக்கொண்டு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் புனித நீரைச் சேர்த்து அவன் உண்டாக்கிய ஏரிதான் சோழகங்கம். திருவாலங்காட்டுச் செப்பேடு அதைத் தண்ணீரால் ஆன வெற்றித்தூண் என்றே வர்ணிக்கிறது. இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் அதன் மிச்சம் இருக்கிறது. பெயர் மட்டும் பொன்னேரி.

1855-ல் வெளியான ஓர் ஆங்கிலேய கெஜட்டியர், இந்த ஏரியின் கரை 16 மைல் நீளம் என்கிறது. கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேல் நீண்ட வாய்க்கால் வேறு! ஆனால் அப்போதே ஏரிக்குள் காடு மண்டிவிட்டது. போதாக்குறைக்கு, 1836-ல் கீழணை கட்டியபோது கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அது தனிக்கதை, இப்போது வேண்டாம்.

நமக்கு வேண்டியது சேறு.

கோடையில் ஏரி வற்றினால் வண்டி கட்டிக்கொண்டு போய் வண்டல் அள்ளுவது இந்தப் பக்கத்து விவசாயிகளின் பழைய வழக்கம். 'ஏன் தாத்தா?' என்று கேட்டால், 'பயிர் கறுப்பா வரும் தம்பி' என்பார்கள். கரும்பச்சை என்று அர்த்தம். அவ்வளவுதான் விளக்கம். ஆனால் விஷயம் ஆழமானது.

அரியலூர், பெரம்பலூர் பகுதியில் பெரும் நிலப்பரப்பு ஒரு காலத்தில் கடல். சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டறிந்து சொன்னது. வயது சுமார் 12 கோடி வருஷம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் இத்தனை சிமென்ட் ஆலைகள்.

சிமென்ட்டுக்கு வரம். பயிருக்கு? கொஞ்சம் சிக்கல். சுண்ணாம்பு மண்ணில் இரும்பும் துத்தநாகமும் இருந்தாலும் தண்ணீரில் கரையாமல் கெட்டிப்பட்டுக் கிடக்கும். வேர் உறிஞ்ச முடியாது. நிலக்கடலை இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பெட்டி நிறையப் பணம், சாவிதான் இல்லை!

சாவியைத் தேட ஸ்வீடனுக்குப் போக வேண்டும். அங்கே போர்லா என்ற ஊற்றின் தண்ணீர், டீ டிகாஷன் மாதிரி லேசான பழுப்பு நிறம். பெர்சிலியஸ் (தனிமங்களுக்கு நாம் எழுதும் எழுத்துக் குறியீடுகளைத் தந்த அதே மேதை) அதை ஆராய்ந்து 1833-ல் முடிவுகளை வெளியிட்டார். இலைதழை மட்கிக் கரைந்த அமிலங்கள்தான் அந்த நிறம். அவை இரும்போடு சேர்ந்துகொள்கின்றன என்பதையும் கவனித்தார்.

மட்கிய பொருளின் மூலக்கூறில் ஆக்ஸிஜன் அணுக்கள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருந்தால், நடுவில் வரும் உலோக அணுவை நண்டு கொடுக்கால் கவ்வுகிற மாதிரி பிடித்துக்கொள்ளும். இந்த வகைப் பிடிப்புக்கு 1920-ல் 'கீலேட்' என்று பெயர் வைத்தார்கள். நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது! சுண்ணாம்பு நீரில் கால்சியமும் இடம் கேட்டுப் போட்டி போடும். ஆனால் தாமிரம், இரும்பு இவற்றின் பிடி அதைவிட இறுக்கம். அப்படிக் கவ்வப்பட்ட இரும்பு கெட்டிப்படாமல் தண்ணீரோடு திரியும். வேருக்கும் எட்டும்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. தண்ணீரில் தாமிரம் கூடினால் பாசிக்கு விஷம். எவ்வளவு கூடினால்? 1976-ல் சுண்டா, கில்லார்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். தண்ணீரில் மொத்தம் எவ்வளவு தாமிரம் என்பது கணக்கே இல்லை. யார் பிடியிலும் சிக்காமல் தனியாக அலைவது எவ்வளவு என்பதுதான் கணக்கு. தெளிந்த நீரில் பாசியைக் கொல்கிற அதே அளவு தாமிரம், மட்கு கரைந்த பழுப்பு நீரில் சாதுவாகிவிடலாம். பட்டினிக்குச் சோறு போடுகிற கையே விஷத்தையும் கட்டிப்போடுகிறது!

ஆக, அந்தத் தாத்தா வண்டியில் ஏற்றியது வெறும் சேறு இல்லை. களிமண்ணும் மட்கும், அவை பல வருஷம் பிடித்து வைத்த உலோகங்களும்.

இப்போது உரக்கடைகளில் 'ஹியூமிக் அமிலம்' என்று கறுப்புத் திரவம் பாட்டிலில் விற்கிறார்கள். பெரும்பாலும் பழுப்பு நிலக்கரியிலிருந்து எடுப்பது. அந்த நிலக்கரியும் ஒரு காலத்துச் செடி, கொடி, மரம்தான். நெய்வேலியில் வெட்டி எடுக்கும் அதே சரக்கு, பொன்னேரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஜெயங்கொண்டம் மண்ணுக்கடியிலும் கிடக்கிறது. வண்டல் சும்மா கிடைத்தது. இது லிட்டர் கணக்கில் காசு.

ஏரி மண்ணை விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ள 2017-ல் தமிழக அரசு வழி செய்தது. அனுமதிக்காகக் கலெக்டர் ஆபீஸ் வரை அலைய வேண்டாம், தாசில்தாரே கொடுக்கலாம் என்று 2024-ல் இன்னும் எளிதாக்கினார்கள். ஆனால் மாட்டுவண்டிகள் குறைந்துவிட்டன. டிராக்டர் வாடகை, டீசல், ஆள் கூலி எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, 'பாட்டிலே தேவலை சார்' என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.