போர்க்கால மரக் கட்டுப்பாடு: போடிநாயக்கனூரும் ஏலமலைச் சரிவுகளும்

இரண்டாம் உலகப் போரின்போது (1939–1945) ரயில் பாதைக் கட்டைகள், பாலங்கள், படைமுகாம்கள் ஆகியவற்றுக்குத் தேவையான மரம் முதலில் அரசுக்கே கிடைக்கும்படி, அதன் விற்பனையையும் நடமாட்டத்தையும் ஆணைகளால் வரையறுத்த ஏற்பாடு போர்க்கால மரக் கட்டுப்பாடு எனப்படும். பிரிட்டனில் 1939 செப்டம்பரிலேயே மரம் வாங்க உரிமம் கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் அதே ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டம் இவ்வதிகாரத்தை அரசுக்கு அளித்தது.

மரத்துக்குச் சீட்டு எழுதும் வழக்கம் போரால் வந்ததன்று. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டப்படி, பட்டா நிலத்து மரமாயினும் அதைக் கொண்டுசெல்லக் கடவுச்சீட்டு, அதாவது மரத்தின் இனம், துண்டுகளின் எண்ணிக்கை, நீளம், சுற்றளவு, செல்லும் வழி, கெடு நாள் ஆகியவை குறிக்கப்பட்ட அனுமதித் தாள், தேவைப்பட்டது. துண்டின் வெட்டுமுகத்தில் சுத்தியலால் அடிக்கப்பட்ட உடைமைக் குறி சீட்டிலுள்ள குறியோடு ஒத்திருக்க வேண்டும். வழியில் ஒரு துண்டை இரண்டாக அறுத்தால் எண்ணிக்கை மாறி, சீட்டு மரத்தோடு பொருந்தாமற்போகும். போடிநாயக்கனூருக்கு மேற்கே உள்ள ஏலமலைக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தான அரசு தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவற்றை அரசுக்கே உரிய மரங்களாக ஒதுக்கியிருந்தது. ஏலச்செடிக்கு நிழல் இன்றியமையாதது ஆதலால், ஏலக்காட்டில் நிலம் பயிரிடுவோரிடமும் அதில் நிற்கும் மரம் அரசிடமும் இருந்தன. எனவே போடிமெட்டு மலைப்பாதை வழியாகப் போடிநாயக்கனூருக்கு இறங்கும் மரம், போருக்கு முன்பே, திருவிதாங்கூர், சென்னை ஆகிய இரண்டு அரசுகளின் விதிகளுக்கு உட்பட்டிருந்தது.

போர்க்கால ஆணைகள் இப்பழைய தாள்களை நீக்காமல் அவற்றின்மேல் ஏறின. சுமை அதனாலேயே பெருகியது. 1928-இல் திறக்கப்பட்ட மதுரை–போடிநாயக்கனூர் ரயில் பாதை 1942-இல் பெயர்க்கப்பட்டு 1950-களில்தான் மீண்டும் போடப்பட்டமையால், மரம் சாலையை நம்ப நேர்ந்தது. லாரிக்கோ 1941 முதல் பெட்ரோல் கூப்பனும் வேண்டியிருந்தது. சீட்டுகள் சிறு பட்டாதாரரை நெருக்கிய அளவுக்குப் பெருங்காடுகளைக் காக்கவில்லை. தனியார் காடுகளில் மரம் வரம்பின்றி வெட்டப்பட்டதன் விளைவாக 1949-இல் சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, ஜமீன் காடுகளில் மரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் முன்னனுமதி கட்டாயமாயிற்று.

தற்போது தமிழ்நாட்டு மரப் போக்குவரத்து விதிகள் (1968) நடைமுறையில் உள்ளன. 2023 இறுதியில் நாடளாவிய இணையவழிச் சீட்டுமுறையும் தொடங்கப்பட்டது.