இரண்டு கடிதங்கள்: நமீபியத் திருச்சபையும் அதன் வெளிநாட்டுத் தோழர்களும்

போன செமஸ்டர் ஆபிரிக்க வரலாறு பாடத்தில் ஆளுக்கொரு நாடு பிரித்துத் தந்தபோது எனக்கு விழுந்தது நமீபியா. எங்க இருக்கு எண்டே வரைபடத்தில் தேடித்தான் பார்த்தேன். தென்னாபிரிக்காவுக்கு மேலே, அத்திலாந்திக் கரையோரம், பெரும்பாலும் வறண்ட நிலம். சனத்தொகை குறைவு. அதில் ஏறக்குறைய பாதிப் பேர் லூத்தரன் கிறிஸ்தவர்கள். இந்தக் கடைசி வரியில்தான் நான் மாட்டுப்பட்டேன். ஜேர்மனியில் தொடங்கிய ஒரு சமயப் பிரிவு எப்படி இந்த நாட்டின் பாதியானது?

தெற்கிலும் நடுப்பகுதியிலும் 1842 இலிருந்து வேலை செய்தது ஜேர்மன் மிஷன். வடக்கில் ஓவாம்போ மக்களிடம் 1870 இல் வந்தவர்கள் பின்லாந்துக்காரர். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. ஜேர்மன் மிஷனுக்குப் பின்னால் 1884 இல் ஜேர்மன் கொடியும் வந்தது. 1904 தொடக்கம் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்பட்டதும் அந்தக் கொடியின் கீழேதான். பின்லாந்தோ அந்த நேரம் தானே ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதி. அதற்காக அவர்களைப் புனிதர் ஆக்கத் தேவையில்லை. மருந்தும் பள்ளிக்கூடமும் பணமும் அங்கிருந்து வரும், முடிவும் அங்கிருந்தே வரும். வடக்கில் முதல் ஏழு கறுப்பினப் போதகர்கள் அபிஷேகம் செய்யப்படவே 1925 ஆகிவிட்டது. 1954 இல் அது தனித் திருச்சபையானது. 1963 இல் லெயனார்ட் அவுவாலா அதன் முதல் கறுப்பினப் பிஷப் ஆனார். ஒனிபா என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு அச்சகம் இருந்தது. 'ஓமுக்வெத்து', அதாவது நண்பன், என்ற பத்திரிகை அங்கிருந்துதான் வெளிவந்தது. இந்த அச்சகத்தை ஞாபகத்தில வச்சிருங்கோ.

முதலாம் உலகப் போரில் ஜேர்மனியிடமிருந்து நாடு தென்னாபிரிக்காவின் கைக்குப் போனது. நிறவெறிச் சட்டங்களும் வந்தன. வடக்கு ஆண்கள் சுரங்கத்துக்கும் பண்ணைக்கும் ஒப்பந்தக் கூலிகளாகத்தான் போகலாம். உடம்பைப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். மனைவி பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. பிடிக்காவிட்டால் வேலையை விட்டு வரவும் முடியாது. ஞாயிறு பூசைக்குப் பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் மட்டும் வருகிற கோயில்களை ஒரு போதகர் வருசக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தால், அவருக்கு இது 'அரசியல்' எண்டு தனியாகத் தெரியாது எண்டுதான் நினைக்கிறேன்.

1971 யூன் 21 அன்று ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம், நமீபியாவில் தென்னாபிரிக்கா இருப்பது சட்டவிரோதம் என்று கருத்துச் சொன்னது. செய்தி ஒட்சிம்பிங்வே என்ற ஊரிலிருந்த இறையியல் கல்லூரிக்கு வந்தபோது, சும்மா இருக்க விடாமல் தலைமையை நெருக்கியவர்களில் அங்கு படித்துக்கொண்டிருந்த மாணவர்களும் இருந்தார்கள். (எங்கட வயசுக்காரர்தான்.) இரண்டு கறுப்பினத் திருச்சபைகளும் கூடி, யூன் 30 திகதியிட்டு, பிரதமர் போர்ஸ்டருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதின. அவுவாலாவும் தெற்குத் திருச்சபையின் பவுலுஸ் கோவாசெப்பும் கையெழுத்திட்டார்கள். மனித உரிமைப் பிரகடனத்தை எடுத்து வைத்துக்கொண்டு நடமாட்டம், பேச்சு, வாக்கு, குடும்ப வாழ்க்கை என்று ஒவ்வொன்றாக எது மறுக்கப்படுகிறது என்று சொன்னார்கள். நாடு சுதந்திரம் அடைய வேண்டும் என்று முடித்தார்கள். யூலை 18 ஞாயிற்றுக்கிழமை ஆலயங்களில் பிரசங்க மேடையிலிருந்து அது வாசிக்கப்பட்டது. அதே நாட்டில் ஜேர்மன் மொழி பேசும் வெள்ளையரின் லூத்தரன் திருச்சபையும் இருந்தது. அந்தக் கடிதத்தில் அவர்களின் கையெழுத்து இல்லை.

இங்கேதான் வெளிநாட்டு உறவின் திசை மாறுகிறது. அதுவரை ஹெல்சிங்கியும் ஜேர்மனியும் சொல்லும், இங்க கேட்பார்கள். இப்போது இங்கிருந்து ஒரு கேள்வி போகிறது: நீங்கள் எங்களோட நிற்கிறீங்களா, இல்லாட்டி எங்களுக்குக் காசு மட்டும்தான் அனுப்புவீங்களா?

நின்றார்கள், அதுக்கு விலையும் கொடுக்கப்பட்டது. வெளிநாட்டு மிஷனரிமார் சிலருக்கு விசா மறுக்கப்பட்டது. 1971 டிசம்பரில் 10,000க்கும் மேற்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 1973 மே மாதம் ஒனிபா அச்சகம் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டது. வெளிநாட்டுத் திருச்சபைகளின் உதவியோடு திரும்பக் கட்டி 1975 இல் திறந்தார்கள். 1980 நவம்பரில் திரும்பவும் குண்டு. திரும்பவும் கட்டினார்கள். 'பங்காளித்துவம்' என்ற சொல்லைக் கூட்ட அறிக்கைகளில் வாசித்து அலுத்துப்போன எனக்கு, அது ஒரு அச்சு இயந்திரமாக, சீமெந்தாக, ஓட்டுக்கூரையாகத் தெரிந்த இடம் இதுதான்.

1977 இல் தாருஸ்ஸலாமில் கூடிய லூத்தரன் உலக சம்மேளனம், நிறவெறியை எதிர்ப்பது கருத்து வேறுபாட்டுக்குரிய விசயம் இல்லை, விசுவாசத்தையே தொடுகிற விசயம் என்று தீர்மானித்தது. அப்படியும் மாறாத இரண்டு வெள்ளையர் திருச்சபைகளின் உறுப்புரிமையை 1984 இல் புடாபெஸ்டில் இடைநிறுத்தியது. ஒன்று தென்னாபிரிக்காவில், மற்றது அந்தக் கையெழுத்திடாத நமீபியத் திருச்சபை. அதே புடாபெஸ்ட் கூட்டத்துக்கு டோக்கா என்ற ஹங்கேரியப் போதகர், தன் பிஷப் கால்டி கம்யூனிச அரசோடு ஒத்துப்போகிறார், திருச்சபைக்குள் மாற்றுக்கருத்துக்கு இடமில்லை என்று ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். கூட்டம் கால்டியையே சம்மேளனத் தலைவராகத் தெரிவுசெய்தது. இதை ஒரு அடிக்குறிப்பு மாதிரித்தான் முதலில் கடந்துபோனேன். பிறகு திரும்பி வந்து வாசித்தேன். ஏனெண்டால் நமீபியாவிலும் இன்னொரு கடிதம் இருந்தது.

விடுதலைக்குப் போராடிய சுவாப்போ இயக்கம் சாம்பியாவிலும் பிறகு அங்கோலாவிலும் முகாம்கள் வைத்திருந்தது. 1976 இல் சாம்பியாவில் இருந்த போராளிகள், மாநாடு கூட்டுங்கோ, ஆயுதமும் சாப்பாடும் எங்க போகுது எண்டு சொல்லுங்கோ என்று தலைமையைக் கேட்டார்கள். தலைமை சாம்பிய இராணுவத்தைக் கொண்டு அவர்களைத் தடுத்து வைத்தது. அவர்களுக்கு ஆன்மீகப் பணி செய்துகொண்டிருந்தவர் சாலத்தியேல் ஐலோங்கா. வடக்குத் திருச்சபையிலிருந்து வந்த லூத்தரன் போதகர், மனைவி பின்லாந்துக்காரி. கண்டதை அவர் நமீபியாவில் இருந்த திருச்சபைத் தலைவர்களுக்கு எழுதினார், தலையிடுங்கோ என்று கேட்டார். கடைசியில் அவர் சாம்பியாவை விட்டுப் பின்லாந்துக்குப் போகவேண்டியிருந்தது.

இந்தக் கடிதம் எந்தப் பிரசங்க மேடையிலும் வாசிக்கப்படவில்லை.

எண்பதுகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கோலாவின் லுபாங்கோவில், தென்னாபிரிக்க உளவாளிகள் என்ற குற்றச்சாட்டில் நூற்றுக்கணக்கானோர் நிலத்தடிக் குழிகளில் அடைக்கப்பட்டார்கள். சித்திரவதையில் வாங்கிய 'ஒப்புதல்'தான் பலருக்கு எதிரான ஆதாரம். விண்ட்ஹூக்கில் அவர்களின் பெற்றோர் ஒரு குழு அமைத்தார்கள். பிள்ளைகள் எங்க என்று திருச்சபைத் தலைவர்களிடம் போனார்கள், வெளிநாடுகளுக்கும் எழுதினார்கள். கிடைத்த பதில் பெரும்பாலும், இது எதிரிக்குத்தான் உதவும், பொறுங்கோ என்ற மாதிரியானது.

இதைக் கோழைத்தனம் எண்டு ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனமில்லை. அச்சகம் இரண்டு தரம் வெடித்த ஊர் அது. பெற்றோரின் வாக்குமூலங்களைத் தென்னாபிரிக்கப் பிரசாரம் உண்மையாகவே பயன்படுத்தியது. ஆனால் இன்னொன்றும் இருக்கு. பங்காளித்துவம் யாருக்கும் யாருக்கும் இடையில் இருந்தது? பிஷப்புக்கும் பிஷப்புக்கும், அலுவலகத்துக்கும் அலுவலகத்துக்கும். ஜெனீவாவில் அவுவாலாவின் குரலைத் தெரியும். விண்ட்ஹூக்கில் மகனைத் தேடும் ஒரு தாயின் கடிதம் அங்கே போனால், அதைச் சரிபார்க்க அவர்கள் கேட்பதும் அதே தலைவர்களைத்தான். தலைவர்கள் இயக்கத்தைக் கேட்பார்கள். இயக்கம் இல்லை எண்டு சொல்லும். வாசிக்கிற உங்களில் சிலருக்கு இந்த இடத்தில் வேறு ஊர்கள் ஞாபகம் வரலாம். நான் நமீபியாவோடயே நிற்கிறேன்.

1989 யூலை 4 அன்று, விடுவிக்கப்பட்ட 153 பேர் விமானத்தில் விண்ட்ஹூக் வந்து இறங்கினார்கள். சிலர் சட்டையைக் கழற்றித் தழும்பைக் காட்டினார்கள். அதே மாதங்களில் திருச்சபைகள் 40,000க்கும் மேற்பட்ட அகதிகளைத் திரும்ப அழைத்துக் குடியமர்த்தும் வேலையையும் செய்துகொண்டிருந்தன. 1990 மார்ச் 21 இல் நாடு சுதந்திரமானது. திரும்பி வராதவர்களின் பட்டியல் முடியவில்லை.

சீக்ஃப்ரீட் குரோட் என்ற ஜேர்மன் போதகர் இந்த முழுக் காலத்திலும் நாடுகடந்திருந்த நமீபியர்களிடம் போய்வந்தவர். தனக்கும் தெரிந்திருந்தது, தானும் வெளியில் பேசவில்லை என்பதை ஒப்புக்கொண்டு 1995 இல் ஒரு புத்தகம் எழுதினார். ஆங்கிலத்தில் அதன் பெயரின் பொருள் 'மௌனச் சுவர்'. 1996 மார்ச்சில் ஜனாதிபதி நுஜோமா தொலைக்காட்சியில் தோன்றி அந்தப் புத்தகத்தைக் கண்டித்தார். வடக்குத் திருச்சபை அதைப் பற்றிய பொது உரையாடலிலிருந்து விலகி நின்றது. உயிர்தப்பியவர்கள் 'மௌனச் சுவரை உடைத்தல்' என்ற பெயரில் ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள்.

வகுப்பில் இதை வாசித்து முடித்தபோது மிஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "ஐலோங்காவின்ர கடிதம் யூலை 18 மாதிரி ஒரு ஞாயிறு வாசிக்கப்பட்டிருந்தால், அந்தக் கோயிலுக்குள்ள இருந்திருக்கிற பெற்றோர் எத்தனை பேர்?" நான் கணக்குப் பார்க்கவில்லை. பின்வாங்கில் இருந்த ஒருத்தி எழும்பி வெளியில் போனாள், மணி அடிக்கும்வரை உள்ளே வரவில்லை.