சிவப்பு மஞ்சள் தொப்பிக்காரர்கள்

சிட்னியில் விமானம் இறங்கிய நம்மவர் எல்லோரும் விமான நிலையத்துக்குச் சூட்டிய கிங்ஸ்ஃபோர்ட் ஸ்மித் என்ற பெயரைக் கடந்துதான் ஊருக்குள் வந்திருக்கிறோம். அமெரிக்காவிலிருந்து பசிபிக் பெருங்கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்கு 1928இல் முதன்முதலாக விமானம் ஓட்டி வந்தவர் அவர். அதற்கு இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன், 1907 ஜனவரி 2 அன்று, ஒன்பது வயதுச் சிறுவனாகச் சிட்னியின் போண்டைக் கடலில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். அங்கே குளித்துக்கொண்டிருந்த சிலர் பாய்ந்து போய் அவரைக் கரை சேர்த்தார்கள். ஏழு வாரம் கழித்து போண்டையில் அலைக்குளிப்போர் உயிர்காப்புக் கழகம் தொடங்கியபோது அதை நிறுவியவர்களும் அவர்களே.

அன்றைய சிட்னிக்கு அலையில் குளிப்பது புதுப் பழக்கம். பகல் வேளையில் கடலில் குளிப்பதைச் சட்டம் தடுத்திருந்தது. 1902இல் மேன்லிக் கடற்கரையில் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர் அந்தத் தடையை வெளிப்படையாக அறிவித்துவிட்டு மீறினார். தடை தளர்ந்ததும் கூட்டம் கூட்டமாக மக்கள் கடலில் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு அலையும் தெரியாது, உள்ளிழுக்கும் நீரோட்டமும் தெரியாது. சாவுகள் நேர்ந்தன. அரசு ஆள் போடட்டும் என்று காத்திராமல் அந்தந்தக் கடற்கரைக்காரர்கள் தாங்களே முறை வைத்துக் காவல் நின்றார்கள். முதலில் தொடங்கியது போண்டையா, பக்கத்துக் கடற்கரையான பிராண்டியா என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. யார் முந்தினாலும், 1907 அக்டோபர் 18 அன்று இந்தக் கழகங்கள் ஒன்றுகூடி அமைத்த சங்கம்தான் இன்றைய ஆஸ்திரேலிய அலைமீட்பு இயக்கத்தின் தாய்.

அவர்களின் முதல் கருவி, கயிறு சுற்றிய ஓர் உருளை. மீட்பர் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நீந்துவார், பெல்ட்டில் கயிறு. கரையில் ஒருவர் உருளையைப் பார்த்துக்கொள்வார். வேறு சிலர் தண்ணீரில் வரிசையாக நின்று கயிறு அலையில் சிக்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்கள். தத்தளிப்பவரைப் பற்றியதும் நீந்தியவர் கையை உயர்த்துவார். கரையிலிருப்பவர்கள் கயிற்றைச் சுற்றி இருவரையும் இழுப்பார்கள். நீந்துகிறவர் எத்தனை வல்லவரானாலும் கயிறு பிடிப்பவர்கள் தடுமாறினால் போச்சு. அதனால்தான் இந்த இயக்கம் வீரர்களை நம்பாமல் குழுவை நம்பி வளர்ந்தது என்று நான் கருதுகிறேன். உருளை அருங்காட்சியகத்துக்குப் போய், மோட்டார் பொருத்திய காற்றடைத்த ரப்பர் படகு வந்த பிறகும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

அந்த ஒழுங்குக்குக் கடும் சோதனை 1938 பிப்ரவரி 6 அன்று வந்தது. கோடை ஞாயிறு, போண்டையில் பெருங்கூட்டம். இடுப்பளவு நீரில் மணல்திட்டின் மேல் நூற்றுக்கணக்கானோர் நின்றிருந்தார்கள். அடுத்தடுத்துப் பேரலைகள் வந்து மோதின. அவை திரும்பிய வேகத்தில் ஏறத்தாழ 250 பேர் ஆழத்துக்கு அடித்துச் செல்லப்பட்டார்கள். கழகத்துக்குள் நடக்கவிருந்த ஒரு போட்டிக்காக உறுப்பினர்கள் வழக்கத்தைவிட அதிகமாகக் கரையில் கூடியிருந்தது நற்பேறு. இருந்த உருளைகள் எல்லாம் ஓடின. பயந்தவர்கள் கயிற்றையே பிடித்துத் தொங்க, மீட்பர்கள் நீருக்குள் இழுபட்டார்கள். பலர் பெல்ட் இல்லாமலே பாய்ந்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். மற்ற அனைவரும் பிழைத்தார்கள். ‘கறுப்பு ஞாயிறு’ என்று சிட்னி இன்றும் நினைவுகூரும் அந்த நாளில் கடலில் குதித்த கழக மீட்பர் எவரும் சம்பளக்காரர் இல்லை.

வார நாட்களில் நகராட்சி நியமித்த சம்பளக் காவலர்கள் கரையில் இருப்பார்கள். கோடைக்கால வார இறுதிகளிலும் விடுமுறை நாட்களிலும் சிவப்பு மஞ்சள் தொப்பியோடு நிற்பவர்கள் தொண்டர்கள்: தச்சர், ஆசிரியை, கல்லூரி மாணவன், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். முழு மீட்பராக அங்கே நிற்க வெண்கலப் பதக்கம் எனப்படும் தகுதி வேண்டும். 1910 முதல் வழங்கப்படும் அந்தத் தகுதிக்குக் குறைந்தது 15 வயதாக வேண்டும். 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். முதலுதவியும் செயற்கைச் சுவாசமும் தெரிய வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் தேர்வை மறுபடி நிறைவு செய்ய வேண்டும். நாடு முழுதும் 300க்கும் மேற்பட்ட கழகங்கள். 1907 முதல் இவர்கள் கரை சேர்த்தவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல்.

பெருமையோடு குறையும் சொல்லியாக வேண்டும். பெல்ட்டும் கயிறும் பெண்களின் உடலுக்குத் தாங்காது என்று காரணம் காட்டி 1980 வரை அவர்களுக்கு முழு உறுப்புரிமை மறுக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஆண்கள் படைக்குப் போனபோது கழகங்களைக் கட்டிக் காத்தவர்களில் பெண்கள் இருந்தும் இந்த நிலை. எழுபது ஆண்டுகளுக்கும் மேல் எத்தனை நல்ல நீச்சல்காரிகளைக் கரையிலேயே உட்கார வைத்திருக்கிறார்கள்! இன்று உறுப்பினரில் ஏறத்தாழப் பாதி பெண்கள்.

2005 டிசம்பரில் சிட்னியின் குரோனல்லா கடற்கரையில் மீட்பர்கள் சிலர் தாக்கப்பட்டதைச் சாக்காக வைத்து, ஒரு வாரம் கழித்து ஆயிரக்கணக்கானோர் கூடி மத்தியக் கிழக்கு முகச்சாயல் உள்ளவர்களை எல்லாம் துரத்தி அடித்தார்கள். சிவப்பு மஞ்சள் தொப்பி யாருடையது என்ற கேள்வி அன்று எழுந்தது. அலைமீட்பு இயக்கம் அதற்குச் செயலால் பதில் சொன்னது. அரசோடும் உள்ளூர் நகராட்சியோடும் சேர்ந்து அரபு, முஸ்லிம் இளைஞர்களைப் பயிற்சிக்கு அழைத்தது. லெபனானில் பிறந்து சிட்னியில் வாழும் அஹெதா ஸனெட்டி வடிவமைத்த, உடலை மூடும் நீச்சலுடையான புர்கினி, சிவப்பு மஞ்சள் நிறத்திலும் தைக்கப்பட்டது. அதை அணிந்த முஸ்லிம் பெண்கள் காவலுக்கு நின்றார்கள். வெறுப்பு ஒரே கோடையில் ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் ஒரு நிறுவனம் தன் கதவைத் தானே அகலத் திறந்தது பெரிய காரியம்.

இவர்கள் கரையோடு நின்றுவிடுவதும் இல்லை. 2019 ஆண்டிறுதிக் காட்டுத்தீயில் மலுவா பே ஊரார் ஓடி ஒதுங்கியது அலைமீட்புக் கழகக் கட்டடத்திலும் அதன் முன்னிருந்த மணலிலும்தான். 2022 வெள்ளத்தில் நியூ சவுத் வேல்ஸின் வடக்கு ஊர்களுக்கு ரப்பர் படகுகளோடு போய்த் தெருக்களிலிருந்து மக்களை மீட்டார்கள்.

நம் குடும்பங்களில் பெரும்பாலானவை கடலிலிருந்து வெகு தொலைவில், மேற்குப் புறநகர்களில் வாழ்கின்றன. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால்தான் போண்டைப் பயணம். அமைதியாக, அலையே இல்லாமல் தெரிகிற இடம்தான் பல நேரம் உள்ளிழுக்கும் நீரோட்டம் ஓடும் இடம். நம்மவர் நம்பி இறங்குவதும் அங்கேதான். வெளிநாட்டில் பிறந்தவர்கள் இந்நாட்டுக் கடற்கரைகளில் பெருமளவில் இறப்பதற்கு இந்த அறியாமை ஒரு முக்கியக் காரணம். சிவப்பு மஞ்சள் கொடி இரண்டுக்கும் நடுவில் மட்டும் இறங்குங்கள். நீரோட்டம் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்துங்கள்.

ஐந்து வயது முதல் பிள்ளைகளை ‘நிப்பர்ஸ்’ என்ற சிறுவர் பிரிவில் சேர்த்துக்கொள்கிறார்கள். நீச்சல் தெரியாத பெற்றோருக்கும் முதலுதவி, வானொலித் தொடர்பு, நிதி திரட்டல் என்று வேலை இருக்கிறது. செப்டம்பரில் பருவம் தொடங்கும்போது பெயர் கொடுக்கலாம்.